பெங்களூரில் கவிழ்த்த தொட்டி

1883. பெங்களூர் ராணுவக் குடியிருப்பில் 26 வயது டாக்டர் ஒருவருக்குக் கொசுத்தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலும் இதைச் செய்யலாம் என்று படைப்பிரிவின் அட்ஜுடன்டிடம் சொன்னார். கிடைத்தது ஏளனம்தான். கொசுவும் ஏதோ காரணத்துக்காகப் படைக்கப்பட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானாம்.

அந்த டாக்டர் ரொனால்ட் ராஸ். அல்மோராவில் பிறந்தவர். தந்தையின் வற்புறுத்தலால் மருத்துவம் படித்தாலும் பேனாவை விடவில்லை. கவிதை, நாடகம், நாவல் என்று எழுதித் தள்ளினார்.

மலேரியாவில் கொசுவுக்குப் பங்குண்டு என்ற ஊகத்தை 1894இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் அவரிடம் எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சி சூடுபிடித்த நேரத்தில், 1895இல், காலராவைக் கட்டுப்படுத்த மீண்டும் பெங்களூருக்கு அனுப்பியது அரசு. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் விடை கிடைத்தது: அனாபிலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி. ராஸ் அதையும் கவிதையாக்கினார்.

அந்தக் கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. கூலி, கொசு ஒன்றுக்கு ஒரு அணா. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. கானின் பெயர் ஆராய்ச்சிக் குறிப்போடு நின்றுவிட்டது.

2024இல் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்த கர்நாடக அரசு, கொசு வளர இடம்கொடுப்போருக்கு அபராதமும் விதித்தது. 141 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டாக்டர் இலவசமாகச் சொன்ன யோசனைதான் அது.