சாம்பிராணிக்கு அடங்காத நாற்றம்

வெள்ளிக்கிழமை மாலை. வீடு கழுவி, விளக்கேற்றி, சாம்பிராணியும் போட்டாயிற்று. அப்படியும் பின்கட்டிலிருந்து அழுகிய முட்டை வாடை எட்டிப் பார்க்கிறது! ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துப் பழைய வீடுகளில் வாழும் தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. மருமகள் சரியாகக் கழுவவில்லை என்று மாமியார் முணுமுணுப்பதும் உண்டு. பாவம், குற்றம் பெரும்பாலும் மருமகளுடையதன்று, காற்றுக் குழாயினுடையது.

மலத்தொட்டியில் கழிவு அழுகும்போது வாயுக்கள் உண்டாகின்றன. அவை வெளியேறத்தான் தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய் எழுப்புகிறார்கள். அது அடைபட்டால் வாயு வீட்டுக்குள் வழி தேடும். கழிப்பறைக் கோப்பையின் வளைந்த கழுத்தில் நிற்கும் தண்ணீர்தான் அதற்குத் தடுப்பு. ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் 'களக் களக்' என்று சத்தம் வந்து, அந்தத் தண்ணீரும் உள்ளே இழுபட்டுப் போகிறதா? தொட்டி நிரம்பியிருக்கலாம், இல்லையேல் காற்றுக் குழாயைப் பாருங்கள்.

பிள்ளைகள் பெருகினார்கள், அடுப்படி போதவில்லை, பின்பக்கம் நான்கு தகரம் போட்டு நீட்டினோம். வெளியே நின்ற குழாய் இப்போது தகரத்துக்குக் கீழே, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில்! அதில் வரும் மீத்தேன் தீப்பற்றக் கூடியது என்பதை யார் நினைத்தோம்?

குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே, சன்னலுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் விடுங்கள். 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாய் போதும். உச்சியில் வீசும் காற்று உள்ளிருக்கும் வாயுவை மேலே இழுத்துக்கொள்ளும். வாய்க்குத் துருப்பிடிக்காத கம்பி வலை கட்டுங்கள். கியூலெக்ஸ் கொசு மலத்தொட்டியிலும் முட்டையிடும். சாதாரண இரும்பு வலை துருவேறித் தானே அடைத்துக்கொள்ளும்.

ஆனால், வீட்டுக்காரர் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவோ, தீக்குச்சி கிழிக்கவோ விடாதீர்கள். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடினுடையது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அது இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று மனிதர் நினைப்பார். அதுதான் ஆபத்தான நேரம். இப்படித் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே மாண்ட செய்திகள் தமிழகத்திலிருந்து எத்தனை! பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரை இறக்குவதை இந்தியா 2013இல் சட்டம் போட்டுத் தடுத்தும் சாவு நின்றபாடில்லை.

தோட்டத்து வீடென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். தொழிலாளர் குடியிருப்பைச் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளி மேல்தான் வைத்திருக்கிறது. சொந்த வீடென்றால் இண்டா வாட்டர் லாரியை அழைக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சேறு எடுக்க வேண்டும். லாரி வரும் நாளில் பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.