யாக்கோபின் தலையணை
(கதைகளால் ஆன நாடு – 6)

1249ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் ஸ்கோன் என்றோர் ஊர். எழுதுவது ஸ்கோன், உள்ளூர்க்காரர் வாயில் அது ஸ்கூன். அங்கிருந்த மடத்தின் முற்றத்தில், பட்டு விரித்த ஆசனத்தில் ஏழு வயதுச் சிறுவனை உட்கார வைத்திருக்கிறார்கள். தந்தை இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்றிலிருந்து அவன் மன்னன் மூன்றாம் அலெக்சாண்டர்.

சடங்குகள் முடிந்ததும் கூட்டத்திலிருந்து நரைத்த கிழவர் ஒருவர் எழுந்து வருகிறார். மலைநாட்டுக்காரர். சிறுவன் முன் மண்டியிட்டு, கேலிக் மொழியில் அவன் குலமுறையைச் சொல்லத் தொடங்குகிறார். அலெக்சாண்டர், அவன் தந்தை அலெக்சாண்டர், அவன் தந்தை வில்லியம், அவன் தந்தை ஹென்றி, அவன் தந்தை டேவிட் என்று பெயர்கள் பின்னோக்கி நடக்கின்றன. அயர்லாந்தைத் தாண்டி, ஸ்பெயினைத் தாண்டி, கடைசியில் எகிப்தில் போய் நிற்கின்றன. அங்கே இருப்பவள் ஸ்கோட்டா, பார்வோனின் மகள்.

இந்தக் காட்சியை எழுதி வைத்தவர் 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜான் ஆஃப் ஃபோர்டன். ஸ்கோட்டாவின் பெயரால்தான் நாட்டுக்கு ஸ்காட்லாந்து என்று பெயர் வந்தது என்பது அக்காலத்தவரின் உறுதியான நம்பிக்கை. அவள் வழியில் வந்தவர்கள் ஒரு கல்லையும் கொண்டுவந்தார்களாம். பெத்தேலில் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்து, வானத்துக்கு ஏணி எழும்பக் கனவு கண்டானே, அதே கல். ஸ்கோனில் மன்னர்கள் பட்டமேற்றது அதன்மேல்தான். ‘விதியின் கல்’ என்று இன்றும் அதை அழைக்கிறார்கள்.

பாட்டி கதை என்று இதை ஒதுக்கிவிட்டால் ஸ்காட்லாந்தின் வரலாறு நமக்குப் பிடிபடாது. இந்தக் கதை அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. நாட்டின் பட்டாவாக இருந்தது.

1296இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு படையெடுத்து வந்து அந்தக் கல்லை லண்டனுக்குத் தூக்கிப் போனான். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அதை உள்ளே வைப்பதற்கென்றே ஒரு மர நாற்காலி செய்வித்தான். அரசர்களை அரசர்களாக்கும் பொருளைப் பிடுங்கிவிட்டால் அந்த நாட்டுக்கு இனி அரசனே இல்லை என்பது அவன் கணக்கு.

அடுத்த சண்டை போப்பாண்டவரின் சபையில் நடந்தது. 1301இல் எட்டாம் போனிஃபேஸுக்கு எட்வர்டு ஒரு கடிதம் அனுப்பினான். ட்ராய் நகரத்து புரூட்டஸ் இந்தத் தீவைப் பிடித்து மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தான். மூத்தவனுக்கு இங்கிலாந்து, இன்னொருவனுக்கு ஸ்காட்லாந்து. ஆகவே மூத்தவன் வழிவந்த எனக்கே மேலாதிக்கம் என்றான். ஸ்காட்லாந்தின் தரப்பில் வாதாடிய பால்ட்ரெட் பிசெட் என்னும் சட்ட அறிஞர் ஸ்கோட்டாவை முன்னால் நிறுத்தினார். எங்கள் முன்னோர் புரூட்டஸின் பிள்ளைகள் அல்லர். எகிப்திலிருந்து தனியாக வந்தவர்கள். உங்கள் பாகப்பிரிவினைக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதே வாதத்தின் சாரம்.

இரண்டு கதைகளுக்குமே சான்று கிடையாது. ஆனால் ஒரு கதை அடுத்த வீட்டை ஆளக் கேட்டது, மற்றது தன் வீட்டில் தான் இருக்கக் கேட்டது. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது.

ராபர்ட் புரூஸ் 1306இல் ஸ்காட்லாந்து மன்னனாகப் பட்டமேற்றபோது கல் இல்லை. இருந்தும் அவன் ஸ்கோனுக்கே போனான். 1320 ஏப்ரல் 6ஆம் தேதியிட்ட ஆர்ப்ரோத் பிரகடனமும் போப்புக்கு எழுதிய கடிதம்தான். ஸ்காட்டியர்கள் சித்தியாவிலிருந்து புறப்பட்டு ஸ்பெயின் வழியாக வந்தவர்கள், அந்நியக் கலப்பில்லாமல் 113 மன்னர்கள் அவர்களை ஆண்டிருக்கிறார்கள் என்று அதுவும் பழங்கதையிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறது. அதே கடிதம்தான், புரூஸே நாட்டை ஆங்கிலேயருக்கு அடிபணிய வைக்க முயன்றால் அவனையும் விரட்டிவிட்டு வேறொருவனை மன்னனாக்குவோம் என்றும் சொல்கிறது. மன்னர் குலத்தின் பெருமையில் தொடங்கி, மன்னனைவிட நாடு பெரிது என்பதில் அது போய் முடிகிறது.

இனி 1950க்கு வருவோம். கிறிஸ்துமஸ் நாள் விடியுமுன், ஸ்காட்லாந்திலிருந்து நான்கு இளைஞர்கள் கல்லை எடுக்க வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கு வந்தார்கள். இயன் ஹாமில்டன், கேவின் வெர்னன், ஆலன் ஸ்டூவர்ட், கே மாத்தேசன் என்னும் இளம்பெண். கல்லின் எடை 152 கிலோ. நாற்காலியிலிருந்து இழுத்தபோது அது இரண்டாக உடைந்தது. ஹாமில்டன் தன் மேல்கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தார். பெரிய துண்டை அதன்மேல் ஏற்றி, கல்தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். கிளாஸ்கோவில் ராபர்ட் கிரே என்ற கல்தச்சர் துண்டுகளை ஒட்டவைத்தார். 1951 ஏப்ரல் 11 அன்று, ஸ்காட்லாந்துக் கொடி போர்த்தி, அதை ஓர் இடிந்த மடாலயத்தில் கிடத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஆர்ப்ரோத்.

கல் மறுபடி லண்டன் போனது. இளைஞர்கள்மேல் வழக்குப் போட அரசு துணியவில்லை. 1996இல், பறிபோன 700ஆம் ஆண்டில், அது முறைப்படி எடின்பரோ கோட்டைக்குத் திரும்பியது. 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டுக்காக ஒருமுறை லண்டன் சென்று வந்தது. 2024 மார்ச் முதல் ஸ்கோனுக்குப் பக்கத்து நகரான பெர்த்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புவியியலாளர்கள் அந்தக் கல்லை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்: அது ஸ்கோன் வட்டாரத்தில் வெட்டிய சாதாரண மணற்கல். எகிப்தையும் பெத்தேலையும் அது கண்டதில்லை. இதனால் கதை தோற்றுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நடக்காத ஒரு பயணத்தை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அதன் நிஜப் பயணங்கள் எல்லாவற்றையும் நடத்தியது. எட்வர்டு அதைத் தூக்கிப் போனதும் கதைக்காகத்தான், ஹாமில்டன் குளிரில் மேல்கோட்டைக் கழற்றியதும் கதைக்காகத்தான்.

கல்லில் கதை சொல்லும் எழுத்து எதுவும் இல்லை. ஸ்கோட்டாவின் அடையாளமோ யாக்கோபின் அடையாளமோ இல்லை. மேலே தோராயமாகக் கீறிய ஒரு சிலுவை. இரு முனைகளிலும் இரும்பு வளையங்கள், பிடித்துத் தூக்குவதற்கு.

அடுத்த வாரம்: 1760இல் ஜேம்ஸ் மக்பெர்சன் என்னும் இளைஞர், மலைநாட்டின் பழம்பாடல்கள் என்று சொல்லி ஒரு சிறு நூலை எடின்பரோவில் வெளியிட்டார். ஐரோப்பாவே மயங்கியது. பிறகு, மூலம் எங்கே என்று கேட்கத் தொடங்கியது.