லஹைனாவுக்கு வந்த தச்சர்

அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1826-ல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர் ஜேம்ஸ் காம்ப்பெல். 13 வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கப்பலேறினார். பின்னர் அவர் வேலைக்குச் சேர்ந்த திமிங்கல வேட்டைக் கப்பல், தென் பசிபிக்கின் துவாமோத்து தீவுகளுக்கு அருகே உடைந்தது. கரையேறியவர்களைத் தீவு மக்கள் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார்களாம். தலைவரின் பழுதான துப்பாக்கியைச் சரிசெய்து கொடுத்துத்தான் அவர் உயிர் பிழைத்தார் என்று கதை சொல்கிறார்கள். அங்கிருந்து தஹித்தி போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். 1850-ல் ஹவாய் ராஜ்யத்தின் மௌவி தீவில், லஹைனா துறைமுகத்தில் இறங்கினார்.

அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை வெளிநாட்டவருக்கு ஹவாயில் நிலம் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை இல்லை. 1850 ஜூலையில்தான் அதற்குச் சட்டம் வழிவிட்டது. கையில் தொழில் வைத்திருந்த ஒருவருக்கு அதைவிடத் தோதான நேரம் வாய்த்திருக்காது.

லஹைனா அப்போது திமிங்கலக் கப்பல்கள் வந்து தங்கும் ஊர். படகு கட்டவும் பழுது பார்க்கவும், வீடு கட்டவும் ஆள் தேவைப்பட்டது. பத்தாண்டுகள் தச்சு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை வைத்து, 1860-ல் இரண்டு கூட்டாளிகளோடு சர்க்கரை ஆலை தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் பெயர்பெற்ற பயனியர் மில். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, தென் மாநிலச் சர்க்கரை வரத்து குறைந்தது. ஹவாய்ச் சர்க்கரைக்கு விலை ஏறியது. 1877-ல் ஆலையில் தன் பங்கை 5 லட்சம் டாலருக்கு விற்றார்.

அதே 1877-ல் ஓவாஹூ தீவின் ஹோனோஉலியுலியில் சுமார் 41,000 ஏக்கரை 95,000 டாலருக்கு வாங்கினார். மழை பொய்க்கும் எவா சமவெளியும் அதில் அடக்கம். 1879-ல் ஜேம்ஸ் ஆஷ்லி என்ற கிணறு தோண்டுபவரை வைத்துத் துளையிட்டபோது, தண்ணீர் தானாகவே பீறிட்டு வெளியே வந்தது. மலைமேல் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கித் தேங்கும். கடலோரத்தில் நீர் புகாத படிவுகள் மூடிபோல் அதை அடைத்து வைத்திருக்கும். அந்த மூடியில் துளை விழுந்தால் அழுத்தமே நீரை மேலே தள்ளிவிடும், இறைக்க வேண்டியதில்லை. ஹவாயின் முதல் ஆர்ட்டீசியன் கிணறு இதுதான். பின்பு அந்த நிலத்தில் ரயிலும் பெருந்தோட்டமும் வந்தன. ஊர்மக்கள் அவரை ஹவாய் மொழியில் ‘கோடீஸ்வரர் ஜேம்ஸ்’ என்று அழைத்தார்கள்.

அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிலமும் நீரும் இப்படிச் சிலர் கையில் சேரச் சேர, மண்ணின் மக்கள் தங்கள் நாட்டிலேயே ஒதுங்க நேர்ந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1893-ல் ராணி லிலியோகலானியைச் சர்க்கரை முதலாளிகளும் சேர்ந்துதான் அரியணையிலிருந்து இறக்கினார்கள். காம்ப்பெல் அவர்களோடு சேரவில்லை. ராணி பக்கமே நின்றார்.

அவர் மனைவி அபிகெயில் குவாய்ஹெலானி இன்னும் ஒரு படி மேலே போனார். லஹைனாவைச் சேர்ந்த ஹவாய்ப் பெண்ணான அவர், நாட்டுப்பற்று மகளிர் சங்கத்தின் தலைவியாக, 1897-ல் ராஜ்யத்தை அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்துத் கையெழுத்து திரட்டினார். மகளிர் சங்கமும் ஆண்கள் சங்கமும் திரட்டிய மனுவில் 21,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் தேறவில்லை. ஆனால் 1898-ல் கூட்டுத் தீர்மானம் என்ற வேறு வழியில் இணைத்துவிட்டார்கள். 1900 ஏப்ரலில் காம்ப்பெல் இறந்தபோது அவர் வந்திறங்கிய ராஜ்யம் இல்லை.

லஹைனாவின் குளங்களுக்கும் வயல்களுக்கும் போய்க்கொண்டிருந்த ஓடைநீரை, அவர் தொடங்கிய பயனியர் மில்லின் கரும்பு குடித்தது. 1999-ல் ஆலை மூடப்பட்டது. தரிசாய்க் கிடந்த கரும்பு வயல்களில் காய்ந்த புல் மண்டியது. 2023 ஆகஸ்ட் 8 அன்று பற்றிய தீ அந்த ஊரையே எரித்தது, நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆலையின் புகைபோக்கி மட்டும் விழாமல் இன்றும் நிற்கிறது.