உப்பில்லாத ராசா

மறந்துபோன முடிகள் – 9

போன வாரம் திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் விட்டுவிட்டு வந்தோம். 1806 ஜூலையில் சிப்பாய்கள் கிளம்பியதோடு, அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அது நடந்து பத்து வருசம் போல இருக்கும், கடல் தாண்டி இன்னொரு கைதி அதே கோட்டைக்கு வந்தார். இந்த முறை வந்தவர் நம்முடைய ராசா.

எங்கள் இறக்காமத்துப் பக்கத்தில் பெரிய வருத்தம் என்றால் வேலூர் என்ற பேர் வந்துவிடும். மாமாவைக் கூட்டிக்கொண்டு நானும் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுத்து முடிந்து, முடிவுக்குக் காத்திருந்த ஒரு பகலில் ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரைக்குப் போனோம். அங்கே முத்து மண்டபம் என்று ஒன்று. 1990இல் தமிழ்நாட்டு அரசு எழுப்பியது. உள்ளே கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சுற்றிலும் அவருடைய சொந்தங்களின் கல்லறைகள். மாமா பெயர்ப்பலகையை இரண்டு தரம் வாசித்தார். "என்ன மகன், சிங்கள ராசா எண்டல்லவா நாங்க படிச்ச? இஞ்ச கண்ணுசாமி எண்டு கிடக்கு?"

கண்ணுசாமிதான். கதை 1739இல் தொடங்குகிறது. அந்த வருசம் வீர நரேந்திர சிங்கன் கண்டியில் இறந்தான். சிங்களப் பிரபுகுலத்துப் பெண் பெற்ற மகன் இருந்தும், அரச ரத்தம் தாய் வழியிலும் வேண்டும் என்ற வழமையால் அவனை ஒதுக்கினார்கள். மதுரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பட்டத்தரசியின் தம்பிக்கு முடி போனது. அவனோடு சேர்த்து நான்கு நாயக்கர்கள், எழுபத்தாறு வருசம். வீட்டில் தெலுங்கும் தமிழும், சபையில் சிங்களம். அவர்களுடைய சொந்தக்காரர் குடியிருந்த தெருவுக்குக் குமாருப்பே வீதி என்று பெயர். வெள்ளைக்காரன் அதை மலபார் வீதி என்றான்.

நால்வரில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் பெரிய ஆள். 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, இலங்கையில் அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குமாரின் உயர் தீட்சையை, திரும்ப உண்டாக்கியவன் அவன். பெரஹராவில் புனித தந்தம் ஊர்வலம் வருவதும் அவன் காலத்து ஏற்பாடு. இவ்வளவு செய்தும் அவன் நெற்றியில் பூசிய திருநீறு சிலருக்கு உறுத்தியது. 1760இல் பணம் கேட்கப் போகும் இடத்தில் அரசன் உட்காரும் ஆசனத்துக்குக் கீழே குழி தோண்டி முள் நட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. (பணம் என்றால் காசில்லை, பௌத்த பிரசங்கம்.) அந்தச் சதியை அரசனுக்கு முன்கூட்டியே தெரிவித்தவர்களில் கோபால முதலி என்பவரும் ஒருவர். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், அவர் முஸ்லிம், அரண்மனை வைத்தியக் குடும்பம். அதற்குப் பரிசாகக் காணியும் சன்னஸ் என்ற அரச பட்டயமும் கிடைத்தன. நாயக்கன் பௌத்தத்தைக் காப்பாற்ற, கோபாலன் என்ற முஸ்லிம் நாயக்கனைக் காப்பாற்றினான். இப்படிப்பட்ட சபையை இன்றைக்குக் கதையாக எழுதிக் கொடுத்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பமாட்டார்.

எங்கள் ஊருக்கும் இந்த மலைநாட்டு ராசாக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியரசன் செனரத் நாலாயிரம் பேர் வரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது பதிவான சங்கதி. கரையில் வேர்விட்ட இந்தச் சனங்களில் ஒரு பங்கினர் வயலுக்குப் போனார்கள், இன்னொரு பங்கினர் தவளத்துக்குப் போனார்கள். தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறும். வெல்லஸ்ஸ வழியாகப் பதுளைக்கும் அப்பாலும் போகும். திரும்பும்போது பாக்கும் மலைச்சரக்கும் இறங்கும். கண்டி அரசாங்கத்தில் இதற்கென்றே மடிகே என்றொரு பகுதி இருந்தது. அதில் ஊழியம் செய்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். மலையில் நெல் விளையும், தேன் கிடைக்கும், உப்பு மட்டும் விளையாது.

அந்த உப்பில்தான் கண்டியின் கழுத்து இருந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள். அடுத்த வருசம் பெப்ரவரியில் கீர்த்தி ஸ்ரீயிடம் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். தீவின் கரை முழுக்க அவர்கள் கைக்குப் போனது, எங்கள் மட்டக்களப்புக் கரையும் சேர்த்து. உப்பு எடுத்துக்கொள்ள ராசாவின் ஆட்களுக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அனுமதி வாங்கி உப்புத் தின்பவன் எப்படி ராசாவாவான்? பிறகு வந்த இங்கிலீஸ்காரனும் இதே பூட்டைத்தான் பிடித்துக்கொண்டான். 1815இல் விழுந்ததாகச் சொல்லும் கண்டி, என் கணக்கில் 1766இலேயே பாதி விழுந்துவிட்டது.

இந்த மிச்சப் பாதியில்தான் 1798இல் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைக் கொண்டுவந்து உட்காரவைத்தான் பிலிமத்தலாவை என்ற மகா அதிகாரம், அதாவது முதல் மந்திரி. சொன்னபடி ஆடும் பொம்மை என்று நினைத்தான். பொம்மை ஆடவில்லை. கடைசியில் அதிகாரத்தின் தலைதான் உருண்டது.

1803இல் இங்கிலீஸ்காரர் கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கனுக்கு முடிசூட்டினார்கள். சில மாதங்களில் காய்ச்சலில் படை செத்தது. மேஜர் டேவி, முத்துசாமியைக் கையளித்துவிட்டுத் தப்பப் பார்த்தான். முத்துசாமி கொல்லப்பட்டான், டேவி கண்டியில் கைதியாகவே முடிந்தான். அடுத்த வருசம் கப்டன் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேரோடு கண்டிக்கு ஏறினார். மற்றப் படைகள் வராமல் நிறுத்தப்பட்ட செய்தி அவருக்குப் போய்ச்சேரவில்லை. தனியாக நகருக்குள் நுழைந்து, யாரையும் காணாமல், அடி வாங்கிக்கொண்டு திருகோணமலைக்கு இறங்கினார்.

கண்ணுசாமிக்குக் கட்டடப் பைத்தியம். இன்றைக்கு நாம் படம் பிடிக்கும் எண்கோண மண்டபமும் கண்டி வாவியும் அவன் காலத்தவை, தேவேந்திர மூலாச்சாரியின் கைவேலை. வாவிக்கு மண் சுமக்க ஊர் ஊராய் ஆட்களை இழுத்ததில் வயல்காரர் வெறுத்துப்போனார்கள். அரசன் கொடூரன் இல்லை என்று வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1814இல் எகலப்பொலை என்ற பிரதானியின் பெண்சாதி பிள்ளைகளைக் கொன்றதை எந்த அரசியல் கணக்கும் கழுவாது. அதே வருசம் இங்கிலீஸ்காரர் பகுதியிலிருந்து போன பத்து வியாபாரிகளை ஒற்றர்கள் என்று பிடித்து, காது, மூக்கு, கை அறுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். ஒற்றர் பயம் வெறும் பிரமையும் இல்லை. கொழும்பில் ஜோன் டொய்லி என்பவர் பிக்குமாரையும் வியாபாரிகளையும் வைத்துக் கண்டிச் செய்தி சேர்த்துக்கொண்டுதான் இருந்தார். கவர்னர் பிரவுண்றிக்குக் காரணம் கிடைத்தது. எட்டுப் பிரிவாகப் படை ஏறியது, அதில் ஒன்று மட்டக்களப்பிலிருந்து. ஒரு காலத்தில் உப்புப் போன திசை அது.

1815 பெப்ரவரி 18இல் மெதமகநுவரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளித்திருந்த அரசனைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் சொந்தப் பிரதானிகளின் ஆட்கள். கயிறு கிடைக்காமல் கொடியால் கட்டினார்கள். மார்ச் 2இல் ஒப்பந்தம். முடியைப் பறித்த அந்தத் தாளில், பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பம் வைத்தார்கள். அவர்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்றோ, ராசா 'மலபார்', அதாவது தமிழன், என்பது.

1816 ஜனவரி 24இல் கொழும்பிலிருந்து கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். வேலூர்க் கோட்டையில் அவர் இருந்த மாளிகைக்கு இன்றும் கண்டி மகால் என்றுதான் பெயர். பதினாறு வருசம் இருந்தார். 1832 ஜனவரி 30இல் உடம்பில் நீர் கோர்த்து இறந்தார். வேலூரில் பிறந்த மகனும் 1843இல் போய்விட்டான். சிங்காசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. அது ஒல்லாந்தர் 1693இல் கண்டிக்குக் கொடுத்த பரிசு. ராசாவுடைய சிங்கக்கொடிதான் பிறகு நாட்டுக் கொடிக்குள் வந்து உட்கார்ந்தது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் மாமா ஒரு தேத்தண்ணி கேட்டார். குடித்துக்கொண்டே, "இவர இஞ்ச கொண்டு வந்த பொறகு அங்க சனம் சும்மாவா இருந்த?" என்றார். இருக்கவில்லை. 1817இல், எங்கள் வயல்களுக்கு மேற்கே வெல்லஸ்ஸக் காட்டில் ஒருவன் எழும்பி, நான்தான் நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்றான். அவனைப் பார்த்துவரப் புறப்பட்ட முதல் ஆட்களில், இங்கிலீஸ்காரர் தவளக்காரருக்குத் தலைவராக வைத்த ஹாஜி மரைக்கார் என்ற முஹாந்திரமும் ஒருவர். அவர் திரும்பி வரவில்லை.

(அடுத்த வாரம்: வெல்லஸ்ஸையில் வந்த துரைசாமி)