உங்களுக்குத் தெரியுமா? – நாக்கு நுனியில் நிற்கும் சொல்

● புனே தாபோடியில் மகாராஷ்டிர அரசு பஸ்களுக்குப் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப் ஒன்று உண்டு. அங்கே ஒரு தமிழ் ஃபிட்டர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, தேறி எழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழாயைப் பிரித்துப் போட்டுவிட்டு மகனைக் கூப்பிடுகிறார்: “டேய், அந்த… இதை எடு… அதான்டா, நட்டைத் திருகறது.” பையன் ஸ்க்ரூ டிரைவரை நீட்டுகிறான். அப்பா தலையை ஆட்டுகிறார். எந்த நட்டுக்கு எந்த நம்பர் என்பதெல்லாம் கைக்குத் தெரிகிறது; பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. டாக்டர்கள் இதை அனோமியா என்பார்கள்.

● நமக்கும் கல்யாண வீட்டில் எதிரே வந்து நிற்கிறவரின் பெயர் வராது. மராத்திக்காரர்கள் “அகதீ ஜிபேவர் ஆஹே” என்பார்கள். அப்படியே நம் ‘நாக்கு நுனி’தான். நமக்கு வீடு திரும்பும் வழியில் ஞாபகம் வந்துவிடும். அந்த ஃபிட்டருக்கு நாள் முழுக்க இதே பாடு.

● மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற நரம்பியல் அறுவை நிபுணர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மின்முனையால் தொட்டுப் பார்ப்பார். அப்போது ஒருவரிடம் வண்ணத்துப்பூச்சிப் படத்தைக் காட்டினார்கள். பதில் இல்லை, எரிச்சலில் விரலைச் சொடுக்கினார். மின்சாரத்தை எடுத்ததும் பேச்சு வந்துவிட்டது. ‘அந்தப் பெயர் வரவில்லை, விட்டில்பூச்சி என்றாவது சொல்லலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை’ என்றாராம். பொருளும் பெயரும் மூளையில் ஒரே பெட்டியில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே மாண்ட்ரியாலில் படித்துத் திரும்பிய ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

● “ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே?” என்று ஃபிட்டர் வீட்டில் கேட்பார்கள். டாக்டர்கள் அப்படிச் சொல்லலாம். வண்டி சட்டென்று நின்றாலும் மண்டைக்குள் மூளை நிற்பதில்லை. முன்பகுதியும் பக்கவாட்டு மடலின் நுனியும் உள்ளே இருக்கும் எலும்பு மேடுகளில் போய் உரசும். நரம்பிழைகள் இழுபட்டு நையும். இழை நைந்தது சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.



● வராத பெயரை வரவழைக்க மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்தும் பார்க்கிறார்கள். உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்துக் கட்டி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துவார்கள். சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கே சுமார் 20 மில்லி ஆம்பியர் வேண்டும். தோலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சினிமாவில் காட்டுகிற ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ வேறு. இந்த மின்சாரம் நரம்புச் செல்லை உசுப்புவதுகூட இல்லை. வேலைக்குக் கொஞ்சம் தயாராக வைக்கும். வேலையை நாம்தான் வாங்க வேண்டும்.

● அதனால்தான் மின்சாரம் ஓடும்போதே படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். 2018-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பக்கவாதத்தால் பேச்சு பாதித்த 74 பேர், 15 அமர்வுகள். உண்மையான மின்சாரம் பெற்றவர்கள் சராசரியாக 13.9 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். பெயருக்குக் கருவி மாட்டி மின்சாரம் தராமல் விட்டவர்களும் 8.2 சொற்கள் கூடுதலாகச் சொன்னார்கள். என் கண் இரண்டாவது எண்ணில்தான் நிற்கிறது. அது முழுக்கப் பயிற்சியின் கூலி!

● தலைக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்தவர்களில் டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுவும் உண்டு. உச்சந்தலைக்குச் சற்று முன்னால், 1 மில்லி ஆம்பியர், 20 நிமிடம், 10 அமர்வுகள். பலன் இருக்கிறது என்றார்கள். ஆனால் ஆய்வு சிறியது. யூடியூப் பார்த்து ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மண்டை ஓட்டில் பிளேட் வைத்தவர்களும், அடிபட்டபின் வலிப்பு வந்தவர்களும் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

● தலைவலிக்கு மின்திருக்கை மீனை நெற்றியில் வைத்துப் பார்த்தவர், முதலாம் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ். ஸ்பாஞ்சு எவ்வளவோ தேவலாம்.

● தாபோடித் தமிழர் வீட்டில் தமிழ், சந்தையில் மராத்தி, வேலையில் இந்தி கலந்து பேசுவார். இதனால் லாபம் உண்டா? ஹைதராபாதில் பக்கவாத நோயாளிகள் 608 பேரை சுவர்ணா அல்லாடி குழுவினர் ஆராய்ந்தார்கள். பல மொழி பேசுகிறவர்களில் 40.5 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறன் பழுதில்லாமல் இருந்தது. ஒரே மொழிக்காரர்களில் 19.6 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

● ஸ்பீச் தெரபிஸ்ட் பெயரை நேரே எடுத்துக் கொடுக்க மாட்டார். எதற்கு உதவும், எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார். அதற்கும் வராவிட்டால்தான் முதல் எழுத்து. வீட்டிலும் இதைச் செய்யலாம். “என்ன பண்றதுப்பா அது?” “நட்டைத் திருகறது.” “எங்க இருக்கும்?” “டூல் பெட்டியில… இரும்பு…” “ஸ்…” வராது. சற்று நேரம் கழித்து, ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் புழங்கிய மராத்திச் சொல் வந்து விழும்: “பானா! பானாடா!” தமிழில் சொல்லுங்கள் என்று நிறுத்தி வைக்காமல் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.