பெங்களூர் அடுப்படிகள் – 9: துடைக்காத வெண்டைக்காய்

வெண்டைக்காயைக் கழுவி, துணியால் துடைத்து, வதக்கும்போது ஒரு கரண்டி புளித்தண்ணீரோ மோரோ தெளித்து அந்தக் கொழகொழப்பை ஒழித்துக்கட்ட வேண்டும். என் அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் அது. மாடி போர்ஷனில் குடியிருக்கும் நைஜீரிய மாணவி ஒருநாள் நான் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ருசியையே துடைச்சுப் போடறீங்களே!" என்றாள்.

அவள் எனுகு ஊர்க்காரி, இக்போ இனம். அவர்கள் மொழியில் குழம்பு 'ஒஃபே', வெண்டைக்காய் 'ஒக்வுரு'. ஆங்கிலத்து 'ஓக்ரா' இதிலிருந்து போன சொல்தான். ஒஃபே ஒக்வுரு வைக்கலாம் என்று முடிவானது. வீட்டு ஓனர் சொந்த ஊருக்குப் போன ஞாயிறாகப் பார்த்தோம். குழம்பில் கருவாடு விழும், அந்த விஷயத்தில் அவர் மூக்கு அப்படி!

சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பாதி சாமான் கிடைத்துவிட்டது. அவர்கள் ஊரில் இதற்கு 'ஒக்பொரொகோ' போடுவார்கள். நார்வேயில் உப்பில்லாமல் காற்றிலேயே உலர்த்திய காட் மீன், விறகுக்கட்டை மாதிரி இருக்கும். 1967–70 பியாஃப்ரா போரில் பட்டினி கிடந்த இக்போ மக்களுக்கு நிவாரணமாக வந்த மீன் அது. போர் முடிந்தது, மீன் சட்டியிலேயே தங்கிவிட்டது. நாங்கள் வஞ்சிரக் கருவாட்டை ஊறவைத்துக்கொண்டோம். அதில் உப்பு உண்டு, அதனால் குழம்புக்கு உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். உலர்ந்த இறாலை இடித்துப் போடுவார்கள். அதற்கு நம் சென்னாக்கூனி அச்சு அசல்.

மாற்றே இல்லாதது எண்ணெய். ரேஷன் பாமாயிலும் அதே எண்ணெய்ப்பனையிலிருந்து வருவதுதான், ஆனால் நிறத்தையும் மணத்தையும் உருவிவிட்டது. சுத்திகரிக்காத சிவப்பு எண்ணெய்க்கு ஹென்னூர் பக்கம் போனோம். ஆப்பிரிக்க மாணவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். ஊரிலிருந்து வந்த 'ஒகிரி' ஒரு சின்னப் பொட்டலம் அவளிடம் இருந்தது. ஆமணக்கு விதையை நாள்கணக்கில் வேகவைத்துப் புளிக்கவைத்த விழுது. பச்சை விதை விஷம், வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் கருவாட்டு வாசனை சாதுவாகிவிட்டது.

அரைக் கிலோ மட்டன் வெந்த தண்ணீரிலேயே வெங்காயம், மிளகாய், கருவாடு, கூனிப்பொடி, ஒகிரி, செவ்வெண்ணெய் எல்லாம் சேர்ந்து கொதித்தது. அரைக் கிலோ பிஞ்சு வெண்டையில் பாதியை அவள் பொடியாக நறுக்கினாள், மீதியைத் தேங்காய்போலத் துருவினாள். அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அதைக் கொட்டினாள். நான் பழக்கதோஷத்தில் மூடியை எடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். மூடினால் வழவழப்பு செத்துவிடுமாம். கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். நூல் நூலாக இறங்கியது. என் அம்மா பார்த்திருந்தால் சட்டியோடு கொட்டியிருப்பாள்.

இதைத் தொட்டுச் சாப்பிட அவர்களுக்குக் கிழங்கு மாவுக் களி. இங்கே ராகி முத்தே இருக்கும்போது எதற்குக் கவலை? ராகியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்ததுதானே. மண்டியாக்காரர்கள் முத்தேயைப் பல் படாமல் விழுங்குவார்கள். அவளும் அப்படியே ஓர் உருண்டை கிள்ளி, கட்டைவிரலால் குழித்து, குழம்பை அள்ளி விழுங்கினாள். வழவழப்பு எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. களியைத் தொண்டைக்குள் இறக்குவதே அதுதான்.

முதல் கவளம் எனக்குச் சங்கடம். மூன்றாவதில் பழகிவிட்டது. இரண்டாவது உருண்டை நானே கேட்டு வாங்கினேன். செய்து பார்ப்பவர்கள் சட்டியை மூடாதீர்கள். வெண்டைக்காயைத் துடைக்கவும் வேண்டாம்.

(தொடரும்)