மௌனப் படமும் கூத்துக் களரியும்

இதிகாசம் மௌனப் படமாகிய வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் படக்கருவியின் வளர்ச்சியையே பேசுவர். அக்கதையைப் பார்வையாளர் எங்கே கற்றனர் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவை மட்டக்களப்புக் கூத்து மரபின் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

1911 இல் மிலான் நகர நிறுவனமொன்று ஹோமரின் ஒடிசியைப் படமாக்கிற்று. 1913 இல் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. அதனையடுத்த சில ஆண்டுகளில், சென்னையில் மோட்டார் உதிரிப்பாக வணிகராயிருந்த ஆர். நடராஜ முதலியார் பாரதக் கதையிலிருந்து 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் அதுவே. மூன்றும் பழங்கதைகளை நாடியமை தற்செயலன்று. பேச்சற்ற படம் கதையறிந்தோர்க்கே எளிதில் விளங்கும். முதலிடும் வணிகனுக்கோ பாரதம் விலை கொடாது கிடைத்த மூலப்பொருள்.

அம்மூலப்பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியோர் உழைக்கும் மக்களே. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்களில் உழவரும் மீனவரும் வேலை முடிந்த இரவுகளில் அண்ணாவியாரிடம் ஆட்டம் பயின்றனர். சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்னும் படிநிலைகளூடாக ஊரே கூத்தை உருவாக்கியது. பாரதப் போர்க்கதைகள் வடமோடியிற் சிறப்பிடம் பெற்றன. தெற்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கு பாரதத்தை வழிபாடாகவே நிகழ்த்துகின்றது.

கூத்திலே பாத்திரம் தன் வரவை ஆடியும் பாடியும் அறிவிக்கும். மௌனப் படத்தில் அப்பணியை எழுத்து அட்டை ஏற்றது. எழுத்தறியாதோர் பொருட்டுத் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டியதாயிற்று. இயந்திரம் நீக்கிய குரலை மனிதனே மீண்டும் வழங்கினான்.

எனினும் களரியை இலட்சியமயப்படுத்துதல் தகாது. கூத்தும் சாதி ஒழுங்குக்குள்ளேயே வாழ்ந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகையே என்று கா. சிவத்தம்பி 1981 இல் சுட்டிக்காட்டினார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, நுழைவுச்சீட்டின் விலை. இது முன்னேற்றமே, ஆயினும் படைப்பிற் பங்குகொண்ட ஊரவன் பண்டம் நுகர்வோனாக மாறியதும் அக்கொட்டகையிலேதான்.

இன்று 'கீசக வத'த்தின் படச்சுருள் எஞ்சவில்லை. முதல் அழிந்ததும் பண்டமும் அழிந்தது. கூத்தோ உழைப்போரின் உடலிலும் குரலிலும் வாழ்கின்றது. ஆகவே தமிழ்ச் சினிமாவின் வரலாறு கொட்டகை வாயிலில் அன்றி, வட்டக்களரியிலிருந்தே எழுதப்படல் வேண்டும். அண்ணாவிமாரின் கொப்பிகளைத் திரட்டிப் பதிப்பித்தல் அதற்குரிய முதற்பணியாகும்.